மேற்கே விழுந்த நிழல்

இன்னாசி விமான நிலையச் சுங்கத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். பெட்டிகளை அவர் அதிகம் பார்க்க மாட்டார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரின் கழுத்தைப் பார்ப்பார். கழுத்து விறைத்திருந்தால் ஓரமாக நிற்கச் சொல்வார். பெரும்பாலும் அவர் நினைத்தது சரியாகவே இருக்கும்.

ஓய்வு பெற்றதும் தூத்துக்குடிக்குத் திரும்பினார். மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கேமரா வாங்கினார். மலைக்காட்சிகளைப் படமெடுப்பவர்களின் கழகம் ஒன்றில் சேர்ந்தார். அந்தக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில்தான் நோர்சா கணவாய்ப் படத்தைப் பார்த்தார்.

பத்து வருஷத்துக்கு முன் பரிசு வாங்கிய படம். பிறகு நாட்காட்டிகளில் வந்தது. அலுவலகச் சுவர்களில் தொங்கியது. இமயமலையில் ஸ்பிதிப் பக்கத்துப் பனிமலைகள் வரிசையாக நிற்கின்றன. நடுவே கணவாய். மேட்டில் ஒரு கல் குவியல், அதில் கட்டிய கொடிகள். கீழே பாதையில் ஒரே ஒரு ஆள், முதுகில் சுமையோடு, தலை குனிந்து நடந்து போகிறான்.

கூட்டம் படத்தின் முன்னால் நின்று பெருமூச்சு விட்டு நகர்ந்தது. இன்னாசி நகரவில்லை.

கல் குவியலின் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. அந்த ஆளின் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது.

சூரியன் ஒன்றுதான். நிழல் இரண்டு பக்கம் விழாது.

கண்காட்சிப் புத்தகத்தை வாங்கி வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நான்கு மாதம் பார்த்தார். வேறு எங்கோ எடுத்த ஆளை வெட்டி இங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தார். கழகத்துக்கு எழுதிப் பரிசைத் திரும்ப வாங்க வைக்கலாம். ஆனால் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் யாரையும் மாட்டிவிட்டதில்லை. கையும் களவுமாகப் பிடித்தே பழக்கம்.

படத்தை எடுத்தவர் உலகம்மை. தென்காசியில் இருந்தார். வருஷத்துக்கு ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு படமெடுக்கச் சொல்லித்தருவார். வயது நாற்பத்துமூன்று. இன்னாசிக்கு அறுபத்தொன்று.

"எதுக்குக் கத்துக்கணும் சார்?" என்று உலகம்மை கேட்டார்.

"மலையைப் படம் எடுக்கணும் டீச்சர்."

"கேக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

"நோர்சா படத்தை எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

உலகம்மை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால."

"எந்த மாசம்?"

"புரட்டாசி கடைசி. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துருங்க."

அப்படித்தான் இன்னாசி மாணவர் ஆனார்.

தென்காசியிலேயே அறை எடுத்து ஒரு வருஷம் படித்தார். குற்றால மலையில் ஒரே பாறையை ஒரு மாதம் எடுக்கச் சொன்னார் உலகம்மை. எடுத்தார். மேகம் வரும்வரை கேமராவைத் தொடாமல் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். கற்றுக்கொண்டதெல்லாம் உண்மைதான். ஆனால் அறைக்குப் போனதும் அன்று டீச்சர் சொன்னதை நோட்டில் எழுதிவைப்பார். எங்காவது ஒரு வார்த்தை மாறும் என்று காத்திருந்தார்.

நோர்சா படத்தின் மூலத்தைக் காட்டும்படி இரண்டு தடவை கேட்டார்.

"அங்க போய்க் காட்டுதேன்," என்றார் உலகம்மை, இரண்டு தடவையும்.

பெட்டிச் சாவி வீட்டில் இருக்கிறது என்று சொல்கிற பயணிகளை இன்னாசிக்குத் தெரியும்.

அடுத்த புரட்டாசியில் இருவரும் நோர்சாவுக்குப் புறப்பட்டார்கள். மற்ற மாணவர்களை உலகம்மை அழைக்கவில்லை. ஏன் என்று இன்னாசி கேட்கவில்லை. குறித்துக்கொண்டார்.

சாலை முடிந்த கிராமத்தில் பல்தன் காத்திருந்தார். உள்ளூர்க்காரர். இரண்டு மட்டக்குதிரைகள் வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். லேசாகச் சாய்ந்து நடந்தார். உலகம்மையைக் கண்டதும் "தீதி" என்றார், அக்கா என்று. உலகம்மை அவரைவிட இளையவர்தான்.

கணவாய்க்குக் கீழே ஓடையோரம் கூடாரம் போட்டார்கள். காற்று மெலிந்த இடம். உடம்பு பழகுவதற்காக ஒரு நாள் சும்மா இருந்தார்கள். அந்த ஒரு நாளில் இன்னாசி மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டார்.

உலகம்மையும் பல்தனும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இவர் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றது. மும்பையில் வேலை பார்த்த காலத்தில் இவர் இந்தி கற்றிருந்தார். ஆனாலும் காதில் விழுந்தது இரண்டு சொல்தான். "போதும், தீதி."

இரண்டாவது, உலகம்மை ஒரு துணிப்பையைக் கூடாரத்தின் உள்மூலையில் வைத்திருந்தார். கேமராப் பையை வெளியே போட்டுவிட்டுப் போகிறவர், துணிப்பையை மட்டும் உள்ளே தள்ளி வைத்தார்.

மூன்றாவது, அன்று மாலை பல்தன் தன் கூடார வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்; அதைத் தாண்டும்போது உலகம்மை அந்தப் பக்கம் திரும்பாமல் போனார். கழுத்து விறைத்திருந்தது.

மறுநாள் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. ஒரு மேகம் இல்லை.

"கிளம்பலாமா டீச்சர்?"

"இன்னைக்கு வேண்டாம்."

"இதைவிட நல்ல நாள் கிடைக்காதே."

"கிழக்குச் சுவர் கறுத்துப்போய் இருக்கு."

இன்னாசி அண்ணாந்து பார்த்தார். கணவாய்க்குக் கிழக்கே செங்குத்தாக நின்ற மலையில் பனி உருகி, பாறை திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? படத்தில் அந்தச் சுவரே கிடையாது.

"அது ஃபிரேமுக்குள்ள வராதே டீச்சர்."

"வராது," என்று சொல்லிவிட்டு உலகம்மை தண்ணீர் எடுக்கப் போனார். பல்தன் குடத்தோடு பின்னால் போனார்.

காத்திருப்பவர்கள் எதற்காகக் காத்திருப்பார்கள் என்று இன்னாசிக்குத் தெரியும். சோதனை போடுகிற ஆள் களைத்துப்போவதற்காக.

ஓடைப்பக்கம் இரண்டு தலைகளும் மறைந்ததும் அவர் கூடாரத்துக்குள் போனார். துணிப்பையைத் திறந்தார். ஓய்வு பெற்றபின் அவர் திறந்த முதல் பை. கை தானாகவே வேலை செய்தது.

உள்ளே ஒரு ஜோடி பனிக்கால பூட்ஸ். புதியது. ஆண்கள் அளவு. வலது பூட்ஸில் ஒன்றும் இல்லை. இடது பூட்ஸின் முனையில் ஏதோ அடைத்திருந்தது. விரலை விட்டு இழுத்தார். கம்பளிப் பஞ்சு. இறுக்கி உருட்டி, துணியில் வைத்துத் தைத்த பஞ்சு. பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. பூட்ஸின் அடியைத் தட்டிப் பார்த்தார். உள்ளே குடைந்த இடம் இல்லை.

ஒரு காலில் மட்டும் பஞ்சை அடைத்து யார் என்ன கடத்துவார்கள்? முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. பார்க்காத விஷயம்தான் அவரை அதிகம் உறுத்தும்.

குரல் கேட்டது. பஞ்சை அவசரமாகத் திணித்துவிட்டு வெளியே வந்தார்.

அன்று ராத்திரி பனி பெய்தது. விடிந்தபோது கிழக்குச் சுவர் முழுக்க வெளுத்திருந்தது. ஒரு கறுப்புத் திட்டு இல்லை.

"இப்ப போகலாம் சார்," என்றார் உலகம்மை.

ஏறினார்கள். பத்து அடிக்கு ஒரு தடவை இன்னாசி நின்றார். பல்தன் சாய்ந்து சாய்ந்து நடந்தாலும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நாலரை மணிக்குக் கணவாய் வந்தது.

படத்தில் பார்த்த இடம்தான். கல் குவியல் அங்கேயே இருந்தது. கொடிகள் கிழிந்து, புதியவை கட்டப்பட்டிருந்தன. இன்னாசி முதலில் சூரியனைப் பார்த்தார். இடப்பக்கம், மேற்கு முகட்டை ஒட்டி இறங்கிக்கொண்டிருந்தது. கல் குவியலின் நிழலைப் பார்த்தார். வலப்பக்கம், கிழக்கே. எல்லாம் ஒழுங்காக இருந்தது. இனி மறைக்க எதுவும் இல்லை என்று தோன்றியது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்தப் படத்துல இருக்கிற ஆள், நெசமாவே இந்தப் பாதையில நடந்தாரா?"

உலகம்மை கேமராவை எடுத்து முக்காலியில் மாட்டினார். பிறகு பாதையின் தொடக்கத்தில் இருந்த ஒரு பாறையைக் காட்டினார்.

"அங்க போய் நில்லுங்க. நான் கை காட்டினதும் நடங்க. அந்த முனையில பாதை கீழ இறங்கும். நீங்களும் இறங்கிருங்க."

"சுமை?"

"என் பையைத் தூக்கிக்கிடுங்க."

இன்னாசி பையை மாட்டிக்கொண்டு போய் நின்றார். கை அசைந்தது. வடக்குப் பார்த்து நடந்தார். புதுப் பனி கணுக்காலை மூடியது. நூறு அடி இருக்கும். முனையைத் தாண்டிக் கீழே பத்தடி இறங்கியிருப்பார்.

"சார்! திரும்பி வாங்க!"

ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"என்னாச்சு?"

"இன்னொரு தடவை."

மறுபடி நடந்தார். மறுபடி இறங்கினார்.

"சார்! திரும்பி வாங்க!"

இந்தத் தடவை ஏறும்போது நெஞ்சில் அடித்துக்கொண்டது. பாறையைப் பிடித்து நின்றார். ஒரு நினைப்பு வந்தது. வேறு மாணவர் யாரும் வரவில்லை. அறுபத்திரண்டு வயது ஆள் உயரத்தில் மூச்சு முட்டி விழுந்தான் என்றால் யார் கேட்பார்கள்? பார்த்த சாட்சி ஒருவர்தான். அவர் "தீதி"யின் ஆள்.

பல்தனைப் பார்த்தார். பல்தன் குதிரைகளின் பக்கத்தில் நின்று இன்னாசியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை," என்றார் உலகம்மை.

"என்ன செய்யுதீங்க டீச்சர்? என்னால முடியலை."

"இன்னொரு தடவைதான்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் உலகம்மை கை காட்டியதும் கால் நடந்தது. ஏன் நடந்தோம் என்று பிறகு பலமுறை யோசித்தார். டீச்சர் சொன்னார், நடந்தார். வேறு காரணம் அகப்படவில்லை.

மேற்கு முகடு சூரியனை மறைக்கத் தொடங்கியிருந்தது. மேட்டில் கல் குவியலின் மேல் வெயில் இருந்தது. கீழே பாதைக்கு வெயில் இல்லை. தலையைத் தூக்க முடியாமல் பனியைப் பார்த்தபடி நடந்தார்.

பாதி வழியில் நின்றுவிட்டார்.

பனியின் மேல் ஒரு நிழல் கிடந்தது. மங்கலாக, நீலமாக, நீளமாக. இடப்பக்கம் கிடந்தது. சூரியன் இருக்கும் பக்கம்.

கையைத் தூக்கினார். நிழலும் தூக்கியது.

வலப்பக்கம் திரும்பினார். கண் கூசியது. கிழக்குச் சுவரின் புதுப் பனி முழு வெயிலையும் வாங்கி எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம்தான் பாதையில் விழுந்தது. மேட்டில் பார்த்தார். கல் குவியலின் நிழல் அதே வலப்பக்கம், அழுத்தமாக.

இன்னாசி பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உலகம்மை இறங்கி வந்து பையைக் கழற்ற உதவினார்.

"படம் நெசம் டீச்சர்," என்றார் இன்னாசி.

"நிழல் நெசம்."

"நான் உங்களைப் பிடிக்கத்தான் வந்தேன். ஒரு வருஷமா..."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் நாளே. படத்தை எப்படி எடுத்தீங்கன்னு கேக்காம, எத்தனை மணிக்கு எடுத்தீங்கன்னு கேட்டீங்க."

இன்னாசி தலையைத் தொங்கப்போட்டார்.

"கால் எப்படி இருக்கு சார்?"

"மரத்துப்போச்சு."

"எத்தனை தடவை நடந்தீங்க?"

"மூணு."

"அவர் ஏழு தடவை நடந்தார்."

"யாரு?"

உலகம்மை குதிரைகள் நின்ற பக்கம் பார்த்தார்.

பிறகு உலகம்மை சொன்னார். ஒப்பிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"அப்ப பல்தன் ஜி என் சுமையைத் தூக்கிட்டு வந்தார். அந்தப் பக்கம் கீழ கூடாரம். அவர் முன்னால போயிட்டிருந்தார். நான் இங்க நின்னு பாத்தேன். ஆள் நடந்து போறது அவ்வளவு நல்லா இருந்துச்சு. எடுக்குறதுக்குள்ள இறங்கிட்டார். கூப்பிட்டேன். வந்தார். ரெண்டாவது தடவை மேகம் வந்துருச்சு. மூணாவது தடவை நான் ஃபோகஸைத் தவற விட்டேன். அதுக்கு மேல காரணம் ஒண்ணும் கிடையாது. இன்னும் நல்லா வரும்னு தோணிச்சு."

"பனி இருந்துச்சா?"

"இதே மாதிரி. கணுக்கால் வரைக்கும். அவர் போட்டிருந்தது கித்தான் ஷூ."

"உங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்."

"லென்ஸுல தெரிஞ்சுது சார். நனைஞ்சிருந்ததும் தெரிஞ்சுது."

இன்னாசி பனியில் கிடந்த தன் காலடித் தடங்களைப் பார்த்தார்.

"ஏழாவது தடவைதான் படத்துல இருக்கு. தலை குனிஞ்சு நடக்காரில்லையா? தியானம் மாதிரி இருக்குன்னு எல்லாரும் எழுதினாங்க. கூடாரத்துக்கு வந்து எனக்கு டீ போட்டுக் குடுத்தார். அதுக்கப்புறம்தான் ஷூவைக் கழட்டினார். இடது கால்ல மூணு விரல். ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. எனக்கு அடுத்த வருஷம் வந்தப்பதான் தெரியும். அதுக்குள்ள பரிசு வாங்கியிருந்தேன்."

இன்னாசிக்கு முகம் சுட்டது.

"அந்தப் பூட்ஸு... பஞ்சை நான்தான் எடுத்தேன் டீச்சர்."

"தையல் பிரிஞ்சிருந்துச்சு. ராத்திரியே தைச்சு வச்சிட்டேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு ஜோடி கொண்டாருவேன். போதும்னு சொல்லுவார். வாங்கிக்கிடுவார்."

பல்தன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். வெளிச்சம் போவதற்குள் இறங்க வேண்டும் என்று கையால் காட்டினார். இன்னாசி எழுந்து நின்றார். இந்தியில் கேட்டார்.

"அன்னைக்கு ஏன் நீங்க முடியாதுன்னு சொல்லலை?"

பல்தன் யோசித்தார். இதை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பது போல யோசித்தார்.

"தீதி கூப்பிட்டாங்க," என்றார்.

"உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"முதல் வருஷம் இருந்தது." பல்தன் குதிரையின் வார்களை இழுத்துக் கட்டினார். "அப்புறம் குளிர்காலத்துல மட்டும்."

இறங்கினார்கள். பல்தன் முன்னால் போனார். இன்னாசி பின்னால் நடந்தபடி அவர் இடது காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்து நாளாக அந்த நடையைப் பார்த்திருக்கிறார். குதிரைக்காரர்கள் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்திருந்தார்.

பாதி இறக்கத்தில் அவருடைய பழைய மூளை மறுபடி விழித்துக்கொண்டது. விமான நிலையத்தில் சிலர் தாங்களாகவே ஒரு சின்னப் பொருளை எடுத்து நீட்டுவார்கள். தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன் சார் என்பார்கள். கண் கலங்கும். அதைப் பார்த்து மனம் இளகி அதிகாரி பெட்டியை மூடிவிடுவார். டீச்சரும் அப்படி நீட்டுகிறாரோ? பூட்ஸும், பஞ்சும், ஏற்ற இறக்கம் இல்லாத குரலும்?

இவ்வளவுக்குப் பிறகும் இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை.

ஓடையோரம் வந்ததும் நின்றார்.

"டீச்சர், நான் சந்தேகத்தோடதான் வாறேன்னு தெரிஞ்சும் ஏன் சேத்துக்கிட்டீங்க?"

"பத்து வருஷமா எல்லாரும் மலையைத்தான் பாத்தாங்க சார். நீங்க ஒருத்தர்தான் அந்த ஆள் பக்கம் வந்தீங்க. அவர் நிழல் வரைக்கும் வந்துட்டீங்க."

இன்னாசி அதை வாங்கிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை.

"அவ்வளவு உறுத்தலா இருந்தா, நடந்ததைக் கழகத்துக்கு நீங்களே எழுதியிருக்கலாமே?"

உலகம்மை ஓடையில் குனிந்து கையைக் கழுவினார். தண்ணீர் பனிக்கட்டி போல இருந்திருக்க வேண்டும். கையை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

"எழுதினேன் சார். ஆறு தடவை. அனுப்பலை. எப்படி எழுதினாலும் கடைசி வரியில நான் நல்லவளா வந்து நிக்கேன். நீங்க எழுதுங்க. என்னை நம்பாம எழுதுங்க."